அழாத பிள்ளை

"அழவே அழாது, அவ்வளவு சமர்த்து" என்று பிறந்து நாலைந்து நாளான குழந்தையை யாராவது புகழ்ந்தால் இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அழுகிற பிள்ளையைத் தூக்க வீட்டில் பத்துக் கைகள் நீளும். அழாத பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?

போன மே மாதம், பெரம்பூரில் எங்கள் வீடு. தங்கைக்குச் சுகப்பிரசவம், மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பால் குடித்த குழந்தை மதியம் இரண்டு மணியாகியும் எழவில்லை. "தூங்கினால்தான் வளரும், எழுப்பாதே" என்றார் அம்மா. பச்சை உடம்புக்காரியும் அசதியில் கண்ணயர்ந்திருந்தாள். டயாபரைப் பிரித்தேன். காலையில் நான் கட்டிவிட்ட அதே டயாபர், கனமே இல்லை. நடுவில் மட்டும் செங்கல் பொடி தூவியதுபோல ஒரு கறை. ரத்தமோ என்று பதறினேன். சிறுநீர் சுண்டிப்போனால் படியும் உப்பு அது என்று பிறகு சொன்னார்கள். முதல் இரண்டு நாள் அப்படி வந்தால் பெரிதில்லையாம். ஐந்தாம் நாளில் பிள்ளை ஆறு முறையாவது நனைக்க வேண்டும்.

உள்ளங்காலைச் சுண்டினேன். முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கினான். மார்பில் போட்டால் இரண்டு சப்பு, அதோடு சரி. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளங்கால்கூட மஞ்சள்.

வசம்பு உரைத்து வைக்கலாம், நாளைக் காலை வெயிலில் காட்டினால் மஞ்சள் இறங்கிவிடும் என்று பேசிப் பேசியே மணி நாலரை ஆகிவிட்டது. "ராகு காலம் தொடங்கிவிட்டது, ஆறு மணிக்குக் கிளம்பலாம்" என்றார் அப்பா. அன்றுதான் முதல்முறையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிறந்தபோது 3.1 கிலோ இருந்தவன் அங்கே தராசில் 2.7. முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறிவிடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் அது வேறு கதை. மஞ்சள் இறங்க இரண்டு நாள் கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் படுத்திருந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

அம்மாவையோ அப்பாவையோ நான் குறை சொல்லவில்லை. என் கோபமெல்லாம் மூன்றாம் நாள் எங்களை அனுப்பிவைத்த இடத்தின் மேல்தான். பில்லை வரிவரியாக விளக்கினார்கள். எப்போது திரும்ப ஓடிவர வேண்டும் என்பது மட்டும் டிஸ்சார்ஜ் தாளின் பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. அதைத் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் பாட்டியை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் முடிவெடுப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாதா?

பச்சைக் குழந்தைகளுக்குத் தும்மலும் விக்கலும் சாதாரணம். குடித்த பாலைக் கொஞ்சம் கக்குவதும் அப்படித்தான். வாந்தி பச்சை நிறத்தில் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது, குடல் அடைபட்டிருக்கலாம். மூச்சு வேகமாக இருப்பதாகத் தோன்றினால், குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அறுபதோ அதற்கு மேலோ வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே என்றால் கிளம்புங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், வலிப்பு வந்தாலும், தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸ் காட்டினாலே, அதாவது 99.5 பாரன்ஹீட், டாக்டரிடம் காட்ட வேண்டிய காய்ச்சல்தான். வீட்டில் மீந்த சிரப்பைக் கொடுத்து அதை மறைத்துவிடாதீர்கள். போர்த்தியும் உடம்பு சில்லென்றே இருந்தால் அதுவும் ஆபத்து. நம் ஊர் வெயிலில் இதை யாரும் நம்புவதில்லை. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலும், இரண்டு வாரம் கழித்தும் மஞ்சள் போகாமல் மலம் வெளுத்துப் போனாலும் வெயில் வைத்தியம் உதவாது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ராத்திரியிலும் திறந்திருக்கிறது, 108க்கு ராகு காலம் கிடையாது.

போன வாரம் எதிர்வீட்டுக்கு ஒரு பேத்தி வந்தாள். பார்க்கப் போன அம்மா குழந்தை யார் ஜாடை என்றுகூடக் கேட்கவில்லை. "இன்று எத்தனை முறை ஒன்றுக்குப் போனாள்?" என்றுதான் கேட்டார். கிரைப் வாட்டர் விஷயத்தில் மட்டும் எங்கள் சண்டை இன்னும் ஓயவில்லை.