கான் திரைப்பட விழாவில் குரோஷிய இயக்குநர் வென்றது எது?

"2024 கான் விழாவில் தங்கப் பனை விருதைத் தன் முதல் படத்திலேயே தட்டிச் சென்றார் நெபோய்ஷா ஸ்லியெப்செவிச்; அப்புறம் ஆஸ்கரும் வாங்கினார்" என்றொரு பதிவு பகிரப்படுகிறது. இதில் பாதிக்கு மேல் தவறு.

தங்கப் பனை கான் விழாவின் உச்ச விருது. அவர் 'தி மேன் ஹூ குட் நாட் ரிமெய்ன் சைலன்ட்' படத்துக்காக வென்றதோ குறும்படப் பிரிவுக்கான தங்கப் பனை. அந்த ஆண்டு முழுநீளப் படத்துக்கான விருது ஷான் பேக்கரின் 'அனோரா'வுக்குப் போனது. ஆஸ்கருக்கு 2025இல் பரிந்துரை மட்டுமே கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. பிரான்சின் தேசியத் திரைப்பட விருதான சேசார் கிடைத்தது உண்மை.

சுமார் 14 நிமிடமே ஓடும் அந்தப் படம், போஸ்னியப் போர்க்கால நிஜச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறது. 1993 பிப்ரவரி 27 அன்று செர்பியாவின் பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோவின் பார் நகருக்குப் போன ரயிலை, போஸ்னியாவிலுள்ள ஷ்ட்ர்ப்ட்சி நிலையத்தில் செர்பியத் துணை ராணுவத்தினர் நிறுத்தி, பெரும்பாலும் போஸ்னிய முஸ்லிம்களான பயணிகளை இறக்கிக் கொன்றார்கள். அதைத் தட்டிக்கேட்ட ஒரே ஆள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி டோமோ புஸோவ். அவரையும் கொன்றார்கள். படம் பெரும்பகுதி அவரைக் காட்டாமல், அதே பெட்டியில் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் இன்னொரு பயணியின் முகத்திலேயே நிற்கிறது. என்னை உலுக்கியது அந்தத் தேர்வுதான்.

சரி, 'முதல் படம்'? அதுவும் இல்லை. குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபில் பிறந்த ஸ்லியெப்செவிச் பல ஆண்டுகளாக ஆவணப்படம் எடுப்பவர். கல்யாணத் தரகர் ஒருவரைப் பின்தொடரும் படம் 2013இல் வந்தது. 2018இல் வந்த 'ஸ்ர்பென்கா', 1991இல் ஸாக்ரெபில் கொல்லப்பட்ட 12 வயது செர்பியச் சிறுமியைப் பற்றிய நாடக ஒத்திகையைப் படம்பிடித்தது.