நாயைத் தத்தெடுக்கும் முன் உங்கள் செவ்வாய்க்கிழமையைப் பாருங்கள்

மீட்கப்பட்ட நாயைத் தத்தெடுக்கலாமா என்று கேட்பவர்களில் பலர் வீட்டின் அளவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். "மாடி வீடு, தோட்டம் கிடையாது, பரவாயில்லையா?" தாராளமாக வளர்க்கலாம். தோட்டத்தில் தனியாக விட்டால் நாய் தானே ஓடியாடிக்கொள்ளும் என்பது தப்புக்கணக்கு. ஆள் இல்லாவிட்டால் அது கதவோரம் வந்து படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது உங்கள் வீட்டு நேரத்தை. விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று மணி மணியாகத் தாளில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லோருமே நல்ல நாய் வளர்ப்பாளர்கள்தான்.

நன்றாகப் பழகிய, ஆரோக்கியமான வளர்ந்த நாய் ஒரே மூச்சில் 4 முதல் 6 மணி நேரம் தனியாக இருக்கும். அதற்கு மேல் போனால், நடுவில் யாராவது வந்து வெளியே அழைத்துப்போக வேண்டும். குட்டிக்குக் கணக்கே வேறு: எத்தனை மாத வயதோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான், அது சிறுநீரை அடக்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம். 2 மாதக் குட்டி என்றால் 3 மணி நேரம். அதுவும் மேல் வரம்புதான். ராத்திரியிலும் எழுந்திருக்க வேண்டும். தினமும் 9 மணி நேரம் வீடு பூட்டிக் கிடக்கும் குடும்பம், "சின்னதிலிருந்தே வளர்த்தால்தான் ஒட்டும்" என்று குட்டியைக் கேட்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனது கனக்கிறது. 3, 4 வயது நாயும் அதே அளவுக்கு ஒட்டும். உயரம், சுறுசுறுப்பு, குணம் எல்லாம் அந்த வயதில் தெரிந்துவிடுகிறது. தத்துப்போகும் வரை பார்த்துக்கொள்ளும் தற்காலிக வீட்டில் வளர்ந்ததென்றால் வெளியே போய் ஒதுங்கவும் பழகியிருக்க வாய்ப்பு அதிகம். வேலைக்குப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை எப்போதும் வளர்ந்த நாய்தான்.

தாளில் இன்னும் சில வரிகள் சேருங்கள். காலையும் மாலையும் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை நடை. சாப்பாடு, சுத்தம், ஐந்தைந்து நிமிடமாகப் பயிற்சி. மொத்தம் தினமும் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். மழை பெய்தாலும், உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் இது நிற்காது. பல நாய்கள் 10 முதல் 13 ஆண்டுகள் வாழும், சிறிய உடல்வாகு உள்ளவை இன்னும் கூடுதலாக. அதற்குள் வேலை மாறும், வீடு மாறும், குழந்தை பிறக்கும். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வெளியூர் போனால் பார்த்துக்கொள்ள இரண்டு பேரையாவது முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தத்தெடுப்புகள் முறிய ஒரு முக்கியக் காரணம் தனிமைப் பதற்றம். இதைச் சலிப்போடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சலித்துப்போன நாய் செருப்பையும் தலையணையையும் கடிக்கும், எந்த நேரத்திலும் கடிக்கும். பதறும் நாய் வெளியேறும் வழியைத் தாக்கும். கதவு நிலையின் கீழ்ப்பகுதியில் நகக் கீறல், தரையில் எச்சில் தேக்கம், சில சமயம் நகத்தில் ரத்தம். அதற்கு உயிரான தின்பண்டத்தை வைத்துவிட்டுப் போனாலும் தொட்டிருக்காது. நீங்கள் கிளம்பிய முதல் அரை மணிக்குள்ளேயே பெரும்பாலும் இது தொடங்கிவிடும். ஒரு பழைய போனில் வீடியோ ஓடவிட்டுப் போனால் தெரிந்துவிடும். திட்டினால் முற்றும், ஏனென்றால் அதன் ஆணிவேர் பயம். பத்து வினாடி வெளியே போய்த் திரும்புவது, பிறகு முப்பது வினாடி, பிறகு இரண்டு நிமிடம் என்று, நாய் பதறும் எல்லையைத் தாண்டாமல் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வாரக்கணக்கு, சில நாய்களுக்கு மாதக்கணக்கு ஆகும். சிலவற்றுக்குக் கால்நடை மருத்துவர் மருந்தும் தருவார். இந்தக் காலம் முழுவதும் அந்த நாய் தாங்கும் அளவுக்கு மேல் தனியாக இருக்கக் கூடாது. அதற்கு உங்கள் வேலை இடம் தராது என்றால் அந்த நாய் உங்களுக்கு ஏற்றதல்ல. வேறொரு நாய் ஏற்றதாக இருக்கலாம். அதனால், காப்பகத்தில் முதலில் கேளுங்கள்: "இது தனியாக இருந்திருக்கிறதா? எவ்வளவு நேரம்? அப்போது என்ன செய்தது?"

நாய்க்காரர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் மிரட்சி, சுமார் மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், முழுதாக ஒன்றிப்போக மூன்று மாதம் ஆகும். முதல் நாள்களில் மூலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து "ரொம்ப சாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பயம் தெளிந்தபின் குரைப்பதும், கிண்ணத்தருகே உறுமுவதும் தலைகாட்டும்போது ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஏமாற்று எதுவும் இல்லை, அது இப்போதுதான் பேசத் தொடங்குகிறது. முதல் வாரம் விருந்தாளிகளைக் கூப்பிடாதீர்கள், வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள். உணவைச் சட்டென மாற்றினால் பேதியாகும். பழைய உணவில் கால் பங்கு புதியதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். மிரண்ட நாய் தப்பி ஓடும் ஆபத்தும் ஆரம்ப நாள்களில்தான் அதிகம். பின்னோக்கி இழுத்தால் சாதாரணக் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும். பட்டையும், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸும் இரண்டையும் போட்டு, ஒவ்வொன்றிலும் தனி லீஷ், அதாவது பிடிகயிறு, மாட்டுங்கள்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடென்றால் ஒரு விஷயத்தில் நான் கறாராகவே இருப்பேன்: குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடக்கூடாது, எவ்வளவு நல்ல நாயானாலும். குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய்தான். கடிப்பதற்கு முன் நாய் பலமுறை சொல்லும்: உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், அப்படியே உறைந்து நிற்கும். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமலை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடி விழும். இந்தக் கண்காணிப்புக்கு இப்போது ஆள் இல்லையென்றால், குழந்தை வளரும் வரை தள்ளிப்போடுங்கள்.

ஒவ்வாமை உள்ளவர்கள் முடி கொட்டாத இனமாகத் தேடுகிறார்கள். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது, அதனால் முற்றிலும் பாதுகாப்பான இனம் என்று ஒன்று கிடையாது. தேர்ந்தெடுத்த நாயோடு சில மணி நேரம், இரண்டு மூன்று முறை இருந்து பாருங்கள்.

உடல்நிலை பற்றிக் கேட்கும்போது தடுப்பூசி அட்டையோடு நிற்காதீர்கள். உண்ணிக் காய்ச்சல் வந்ததா, கொசு மூலம் பரவும் இதயப்புழுவுக்குச் சோதித்தார்களா, கருத்தடை ஆனதா என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டில் அண்மையில் ஒரு நாய் பார்வோ என்ற வைரஸ் நோயால் இறந்திருந்தால், தடுப்பூசிகள் முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ஏற்கெனவே வீட்டில் நாய் இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனியே வையுங்கள். முதல் சந்திப்பு வீட்டுக்கு வெளியே, இரு நாய்க்கும் பொதுவான இடத்தில், லீஷ் தொய்வாக இருக்க, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்தபடி நடக்கட்டும்.

எழுதிய தாளில் நேரம் போதவில்லை என்றால் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காப்பகத்துக்குப் போய் வாரம் ஒருமுறை நாய்களை நடத்திக் கூட்டிப்போகலாம், இரண்டு வாரமோ ஒரு மாதமோ தற்காலிக வீடாக இருக்கலாம். நாய் வீட்டில் இருந்தால் உங்கள் நாள் எப்படி ஓடும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரடியான வழி இல்லை, அந்த நாய்க்கும் ஒரு கூண்டிலிருந்து விடுதலை.

தத்தெடுப்பதாகவே முடிவானால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். எந்தக் காரணத்தால் முடியாமல் போனாலும், எத்தனை வருடம் கழித்தானாலும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதித் தரும் காப்பகமாகத் தேர்ந்தெடுங்கள்.