எரு எந்தக் கொட்டிலிலிருந்து வருகிறது?

"ரசாயன உரம் கெட்டது, எரு நல்லது" என்று இரண்டே வரியில் தீர்ப்பு எழுதும் பதிவுகளைப் படிப்பவர்கள் டென்மார்க்கின் ஆஸ்கோவ் வயலைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். 1894 முதல் அங்கே ஒரு நீண்டகால ஆய்வு நடக்கிறது. ஒரு பகுதிக்குக் கால்நடை எரு, இன்னொரு பகுதிக்கு ரசாயன உரம். 1923 முதல் எடுத்த மண் மாதிரிகளைக் காயவைத்துப் பாதுகாத்திருந்தார்கள். அவற்றின் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. பெனிசிலின் வகை மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் பாக்டீரியா மரபணுக்கள், 1960-களிலிருந்து எரு இட்ட மண்ணில்தான் அதிகமாக இருந்தன. கால்நடைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதை அந்த நாடு கட்டுப்படுத்திய பின், 1990-க்குப் பிறகு அவை குறைந்தன. ஆனால் இத்தகைய மரபணுக்களைச் சேர்த்துவைத்துப் பரவ உதவும் இன்டெக்ரான்கள் என்ற டிஎன்ஏ துண்டுகள் அதே மண்ணில் கூடின. கட்டுப்பாடு பலன் தரும், ஆனால் தாமதமாக வந்தால் எல்லாவற்றையும் திருப்பித் தராது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆன்டிபயாடிக்கைத் தாங்கவைக்கும் இந்த எதிர்ப்பு மரபணு நாம் உண்டாக்கியதல்ல. கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலும் அது இருந்தது. காசநோயாளிகளைக் காப்பாற்றிய ஸ்ட்ரெப்டோமைசினே 1943-ல் ஒரு மண் பாக்டீரியாவிடமிருந்துதான் கிடைத்தது. ஆயுதம் செய்யும் உயிரிடம் கேடயமும் இருக்கத்தானே செய்யும்? நாம் செய்தது வேறு. மாட்டுக்கும் கோழிக்கும் கொடுக்கும் டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளில் பெரும்பங்கு அப்படியே எச்சத்தில் வெளியேறுகிறது. மருந்துக்குப் பழகிய குடல் பாக்டீரியாக்களும் கூடவே வயலுக்கு வந்து, தம் மரபணுக்களை மண்ணின் பாக்டீரியாக்களுக்குக் கொடுக்கின்றன.

ஆகவே கோழி எரு வாங்குபவர்கள் பண்ணையில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். பச்சையாக வயலில் கொட்டாமல், குவித்து, ஈரம் காத்து, புரட்டிப் போட்டு, நன்றாகச் சூடேறி மட்கவிட வேண்டும். எல்லா மரபணுவும் அழியாது, ஆனாலும் சுமை கணிசமாகக் குறையும்.

எனக்குப் பெருங்கோபம் நெல் வயலைப் பார்த்துத்தான். பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியைத் தாமிர மருந்தோடு கலந்து தெளிக்கிறோம். மனித உயிர் காக்கும் மருந்தை இலைமீது தூவி மண்ணில் வடியவிடுகிறோம்! தாமிரமும் சும்மா இருப்பதில்லை. அதைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் பல பாக்டீரியாக்களில் ஒன்றாகவே இருப்பதால், ஒன்றைத் தெளித்தால் இரண்டும் பெருகும். இந்த இரு ஆன்டிபயாடிக்குகளையும் பயிர்களில் தடைசெய்யும் வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில்தான் வெளியிட்டது. இத்தனைக்கும் இதே நோய்க்கு 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. நோய் தென்பட்டதும் ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை. அண்மையில் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.