பெட்டியை மூடி பல்பு போடாதீங்க
"அம்மா இல்லாத கோழிக்குஞ்சை அட்டைப்பெட்டில போட்டு மூடி உள்ள பல்பு எரிய விடுங்க, எவ்ளோ சூடோ அவ்ளோ நல்லது"ன்னு ஒருத்தர் பதிவு போட்ருக்கீங்க, இதுல பாதி தப்புங்க. சூடு வேணும்தான், ஆனா முதல் வாரம் 35 டிகிரி பக்கம் போதும், அப்புறம் வாராவாரம் 3 டிகிரி மாதிரி குறைச்சிட்டே வரணும். மூடின பெட்டில சூடு ஏறிட்டா குஞ்சு ஒதுங்க இடமே இல்லாம செத்துரும், அட்டை வேற தீப்பிடிக்கும். மேல திறந்த பெரிய பெட்டியா எடுத்து ஒரு மூலைல மட்டும் பல்பை நல்லா உயரத்துல, விழாத மாதிரி கட்டுங்க, இன்னொரு பக்கம் குளிர்ச்சியா இருக்கட்டும். தெர்மாமீட்டர் இல்லையா, குஞ்சைப் பாருங்க: பல்புக்கு அடியில ஒண்ணுமேல ஒண்ணு ஏறி கீச்கீச்னு கத்துனா குளிருது, ஓரத்துல போய் றெக்கைய விரிச்சு வாயைத் திறந்துட்டு மூச்சு வாங்குனா சூடு அதிகம், அங்கங்க பரவிப் படுத்துருந்தா சரியா இருக்குன்னு அர்த்தம். ஒத்தக் குஞ்சுன்னா சூடு இருந்தாலும் தனிமைல கத்தும், நூல் பிரியாத மெத்து பொம்மை ஒண்ணு வைங்க, அதுக்கடியில நுழைஞ்சு தூங்கிரும். பஞ்சு மட்டும் வேணாம், கால்ல சுத்திக்கும்.