அபலோன்: நான்கு போளையால் மூன்றைத் தள்ள முடியாது

அபலோன் என்பது இருவர் ஆளுக்கு 14 போளையுடன் ஆடி, எதிராளியின் போளைகளைப் பலகைக்கு வெளியே தள்ளும் விளையாட்டு. “அபலோன் போட்டிகளில் 4 போளை வரிசையாக நின்றால் எதிராளியின் 3-ஐத் தள்ளலாம், 14-ஐயும் வெளியேற்றினால்தான் வெற்றி” என்று வெள்ளவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே பிழை.

ஒரு முறைக்கு அதிகபட்சம் 3 போளைதான் நகரும். ஆகவே 3 சேர்ந்து 2 அல்லது 1-ஐத் தள்ளும், 2 சேர்ந்து 1-ஐ. எதிரே 3 நின்றால், பின்னால் ஐந்து நின்றாலும் அசையாது. தள்ளப்படும் போளைக்கு அப்பால் காலிக் குழியோ பலகையின் விளிம்போ இருக்க வேண்டும்; அங்கே உங்கள் போளையே உட்கார்ந்திருந்தால் தள்ள முடியாது. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். பக்கவாட்டில் நகர்த்தும்போது தள்ளவே கூடாது.

எதிராளியின் 6 போளை வெளியே விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பெட்டிக்குள் இருக்கும் விதித்தாளிலேயே இதைப் பார்க்கலாம். போட்டிகளில் பெரும்பாலும் மாறுவது தொடக்க அடுக்குதான்: ‘பெல்ஜியன் டெய்சி’ என்ற அடுக்கில் ஆளுக்கு இரண்டு பூ வடிவங்கள், ஒவ்வொன்றிலும் 7 போளை.

அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.