கணக்கு வாத்தியார் பிடுங்கிய ஓவியப் பீரியடு

முதலில் ஒரு வாக்குமூலம். காலாண்டுத் தேர்வு நெருங்கினால் ஓவியப் பீரியடையும் பி.டி. பீரியடையும் கேட்டு வாங்கிக் கணக்குப் போட வைக்கிற வாத்தியார்கள் உண்டல்லவா, அவர்களில் நானும் ஒருவன். பத்து வருடம் அப்படித்தான் ஓட்டினேன். "சார், இந்த ஒரு தடவை மட்டும்" என்பேன். எங்கள் ஓவிய ஆசிரியரும் முகம் கோணாமல் கொடுத்துவிடுவார். கொடுக்காமல் என்ன செய்வார்? 2012-ல் அரசு நியமித்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களில் அவரும் ஒருவர். வாரத்துக்கு மூன்று அரை நாள், சேரும்போது மாதம் 5,000 ரூபாய். நிரந்தர ஆசிரியர் கேட்டால் இல்லை என்று சொல்லும் நிலைமையிலா அவர் இருந்தார்? அதனால் கீழே எழுதுவதை ஏதோ யோக்கியன் பேசுகிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மகள் படிப்பது சிபிஎஸ்இ பள்ளி. (அரசுப் பள்ளி வாத்தியார் மகள் அங்கே ஏன் என்று கேட்பீர்கள். வீட்டில் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டார்கள், நீங்களும் கேளுங்கள்.) 2019-ல் சிபிஎஸ்இ கலை ஒருங்கிணைந்த கற்றலை, அதாவது பாடத்தைக் கலை வழியாக நடத்துவதை, கட்டாயமாக்கியது. அப்புறம் 1 முதல் 10 வரை எல்லா வகுப்புக்கும் அதில் புராஜெக்ட் வந்தது. அதிலும் நம் மாநிலத்துக்கு ஜோடியாகக் கொடுத்திருக்கும் மாநிலம் அல்லது யூனியன் பிரதேசத்தைப் பற்றி ஒன்றாவது செய்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்கு ஜோடி ஜம்மு காஷ்மீர். யோசனை நல்ல யோசனைதான். காகிதக் கூழில் செய்யும் பெட்டிகள், கம்பளத்தின் கட்டங்கள் என்று ஒரு வருடம் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அந்த ஊரில் சரக்கு இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு நானும் மகளும் கலர் பிரிண்ட் கடையில் நிற்கிறோம். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காஷ்மீரா சார்? அஞ்சாவதா, எட்டாவதா?" என்றார். கோப்பு தயாராக இருக்கிறது. தால் ஏரிப் படகு, குங்குமப்பூ, ஆப்பிள் விளைச்சலுக்கு ஒரு பட்டை விளக்கப்படம். தெர்மாகோலில் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா தூவினால் கணக்கோடு கலை ஒருங்கிணைந்துவிட்டது. மகள் செய்தது தன் பெயரை எழுதியது மட்டும். ஜிகினா தூவியது நான். மதிப்பெண் பத்துக்குப் பத்து.

அந்தப் பள்ளியை மட்டும் நான் குறை சொல்லவில்லை. பாடத்தை முதலில் முடித்துவிட்டு அதன்மேல் கலையை ஒட்டுவது எங்கள் பக்கமும் இருக்கிறது. 2022-23-ல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா வந்தபோது நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பறையும் ஒயிலும் மேடை ஏறின, கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுத்தார்கள். ஆனால் அது போட்டி. ஆடத் தெரிந்த பிள்ளை போய் ஆடிவிட்டு வரும், ஆடத் தெரியாத நாற்பது பிள்ளைகள் வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். வகுப்பில் அன்றைக்கும் கணக்கு அதே கணக்குதான்.

நான் மாறியது தத்துவம் படித்து அல்ல. ஆறாம் வகுப்பில் மீப்பெரு பொதுக் காரணி (இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்) நடத்திக்கொண்டிருந்தேன். மார்கழி மாதம். வாசல் கோலத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வந்தவன், சும்மா ஒரு ஆர்வத்தில் பலகையில் வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வைத்து, புள்ளிகளைச் சுற்றிச் சாய்வாக ஓடும் சிக்குக் கோலம் போடப் பார்த்தேன். ஓரத்துக்கு வந்தால் மட்டும் திரும்ப வேண்டும், நடுவில் எங்கும் திரும்பக் கூடாது. மூன்றாவது வளைவிலேயே கோடு வழிதவறிவிட்டது. வகுப்பே சிரித்தது. பையன்கள் "கோலம் பொம்பளைங்க வேலை சார்" என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

மறுநாள் ஓவிய ஆசிரியரிடம் போனேன். "உங்க பீரியடு வேண்டாம் சார், என் பீரியடுக்கு நீங்க வாங்க" என்றேன். ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார், கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போல. வந்தார். பிள்ளைகளைப் பெஞ்சிலிருந்து இறக்கித் தரையில் உட்கார வைத்தார். மணிக்கட்டை அசைக்காதே, தோளிலிருந்து கையை ஓட்டு என்றார். சுண்ணாம்புக் கட்டியைப் படுக்க வைத்துப் பிடிக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் பையன்கள் உட்பட எல்லோருக்கும் வளைவு வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

அப்புறம்தான் விஷயம். 3-க்கு 4 வைத்தவர்களுக்குக் கோலம் ஒரே கோட்டில் முடிந்தது. 3-க்கு 3 வைத்தவர்களுக்கு மூன்று தனிக் கோடுகள். 4-க்கு 6 வைத்த குழுவுக்கு இரண்டு. 5-க்கு 5 என்றால் ஐந்து, 5-க்கு 6 என்றால் மறுபடி ஒன்று. எண்ணி எண்ணிப் பலகையில் எழுதினார்கள். கணக்கு வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், "எங்க ஆயா சொல்லும் சார், ரெண்டு பக்கமும் சமமா புள்ளி வெச்சா பிச்சுப் பிச்சு வரும்னு" என்றாள். கோடுகளின் எண்ணிக்கை என்பது இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி. பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது, எனக்குப் பெயரைத் தவிர ஒன்றும் தெரியாது.

அந்தப் பெண் பிறகு கணக்கில் நூறு வாங்கினாள் என்று எழுதினால் பதிவு நன்றாக ஓடும். வாங்கவில்லை. முப்பத்தெட்டு வாங்கினாள், அதற்கு முன்னால் பத்தொன்பது. ஆனால் வகுத்தலில் மாட்டிக்கொண்டால் எழுந்து வந்து கேட்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் மீச்சிறு பொது மடங்கு, அதாவது இரண்டு எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண். இந்த முறை பெஞ்சுத் தாளம். ஒரு குழு ஒவ்வொரு ஆறாவது எண்ணுக்கும் தட்ட வேண்டும், இன்னொரு குழு ஒவ்வொரு எட்டாவது எண்ணுக்கும். இரண்டும் எப்போது சேர்ந்து விழும் என்று கேட்டதற்கு, பெருக்கிப் பார்த்து 48 என்றார்கள் பாதிப் பேர். 24-லேயே சேர்ந்து விழுந்தது. 48-ல் மறுபடியும். சரி, 6-க்கு 8 கோலம் போடுங்கள் என்றேன். இரண்டு கோடு. இரண்டை 24-ஆல் பெருக்கு என்றேன். ஊரில் பறை அடிக்கப் போகும் பையன் ஒருவன் "அந்த 48 இங்க வந்து ஒளிஞ்சிக்கிச்சு சார்" என்று கத்தினான். மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் பெருக்கினால் அந்த இரு எண்களின் பெருக்கற்பலனே வரும் என்ற விதியை அதுவரை நான் பலகையில் எழுதி, கட்டம் போட்டு, மனப்பாடம்தான் செய்ய வைத்திருந்தேன்.

சொதப்பியதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெம்பில் எட்டாம் வகுப்புக்கு ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயரை வில்லுப்பாட்டு மெட்டில் கட்டிக்கொண்டு போனேன். "ஆமா" போட்டு அருமையாகப் பாடினார்கள். தேர்வில் பாதிப் பேர் டூ ஏபியை விட்டுவிட்டார்கள். மெட்டு மனசில் நின்றது, கணக்கு நிற்கவில்லை. சதுரமாக ஒரு காகிதத்தை வெட்டி நான்கு துண்டாக்கி, இரண்டு துண்டு ஒரே அளவு என்று காட்டியபோதுதான் புரிந்தது. கோலத்தில் புள்ளியும் கோடுமே கணக்காக இருந்தன. வில்லுப்பாட்டில் பாட்டு ஒரு பக்கம் போனது, கணக்கு வேறு பக்கம் போனது. மகளின் தெர்மாகோலிலும் அதே கதை.

கோலத்தில் கணக்கு இருப்பது என் கண்டுபிடிப்பு இல்லை. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-லேயே கோலங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கணினி அறிவியல் ஆய்வு எழுதியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் விரலால் போடும் சித்திரங்களிலும் இதே புள்ளி, இதே கோடு. நான் படித்த பி.எட்.டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இப்போது என் கோபம். கலையைப் பாடத்தோடு சேர்த்து நடத்துங்கள் என்று சொன்னதும், அப்படியானால் தனியாக ஓவிய ஆசிரியர் எதற்கு, கணக்கு வாத்தியாரே பார்த்துக்கொள்வார் என்று ஒரு பேச்சு கிளம்புகிறது. நேரெதிர். எங்கள் ஓவிய ஆசிரியர் வராமல் இருந்திருந்தால் என் கோலம் மூன்றாவது வளைவிலேயே நின்றிருக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் கட்டாயம் என்பதே 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குத்தான், அதுவும் பிள்ளைகள் 100-க்கு மேல் இருந்தால்தான். மாறுதலில் நான் இப்போது வந்திருக்கும் நடுநிலைப் பள்ளியில் மொத்தமே எண்பத்து மூன்று பேர். ஓவிய ஆசிரியர் இல்லை, இனி வரவும் மாட்டார்.

அதனால் வெட்கத்தை விட்டு ஒரு உதவி கேட்கிறேன். 7-க்கு 8 சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் போடத் தெரிந்தவர்கள், கை தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துக் கமென்டில் போடுங்கள். ஒரே கோடு என்று கணக்கு சொல்கிறது. பலகையில் நான் போட்டால் நான்கு கோடு வருகிறது. கணக்கு தப்பு என்று ஏழாம் வகுப்பு சொல்லிக்கொண்டிருக்கிறது.