கத்தோலிக்கர் சிலைக் கட்டளையை நீக்கிவிட்டார்களா?

பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோவில் திருவிழா நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது: "சிலை செய்யக் கூடாது என்ற இரண்டாம் கட்டளையைக் கத்தோலிக்கர் பைபிளிலிருந்தே எடுத்துவிட்டார்கள்."

தவறு. கத்தோலிக்க பைபிளைத் திறந்து விடுதலைப் பயணம் 20:4-5 பாருங்கள், அப்படியே இருக்கிறது. (சிஎஸ்ஐ போன்ற புராட்டஸ்டன்ட் வீடுகளில் இதே நூலின் பெயர் யாத்திராகமம்.) இணைச் சட்டம் 5:8-லும் உண்டு.

அப்புறம் குழப்பம் எங்கே? எண்ணிக்கையில். கட்டளைகள் பத்து என்று பைபிள் சொல்கிறது, ஆனால் 1, 2 என்று எண் போடவில்லை. பழங்காலத் திருச்சபை அறிஞர் புனித அகுஸ்தீன் வழியில் கத்தோலிக்கர் சிலைத் தடையை முதல் கட்டளைக்குள் சேர்த்து, பிறர் மனைவி, பிறர் உடைமை மீதான ஆசையை 9, 10 என்று பிரிக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்யும் சுருக்கப் பட்டியலில் சிலை வரி விடுபடும். சந்தேகம் பிறக்கும் இடம் அதுதான். ஆனால் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் சிலைத் தடையைத் தனிக் கட்டளையாக எண்ணவில்லை! புரசைவாக்கத்து லுத்தரன் பிள்ளைக்கும் சாந்தோம் கத்தோலிக்கப் பிள்ளைக்கும் இரண்டாம் கட்டளை ஒன்றே: கடவுள் பெயரை வீணாகச் சொல்லாதே.

சிலை முன் நிற்பது சரியா என்பது வேறு வாதம், அது பழையது, நியாயமானதும்கூட. மோசே செய்த வெண்கலப் பாம்புக்கே மக்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசர் அதை உடைத்தார். ஆனால் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2113-ஆம் பத்தி பணத்தையும் அதிகாரத்தையும் சேர்த்தே சிலைவழிபாடு என்கிறது. கொலோசையர் 3:5-ம் பேராசையைத்தான் அப்படிச் சொல்கிறது.